சிறப்பு முதுநிலைப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி? குமரி மாவட்டப் பட்டதாரிகளுக்கான வழிகாட்டி

எம்.பி.ஏ., எம்.சி.ஏ., எம்.இ. என்ற மூன்று பெயர்களுக்குள் ஏறத்தாழ அடங்கியிருந்த வணிக, தொழில்நுட்ப மேற்படிப்பு, இன்று தரவு அறிவியல், வணிகப் பகுப்பாய்வு, நிதித் தொழில்நுட்பம், விநியோகச் சங்கிலி மேலாண்மை, இணையப் பாதுகாப்பு, செயற்கை நுண்ணறிவு, வி.எல்.எஸ்.ஐ. (சிப்) வடிவமைப்பு என்று பல கிளைகளாகப் பிரிந்துவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவுடன் தமிழ்நாட்டின் முதல் மாவட்டமாக நின்ற கன்னியாகுமரியில் பட்டதாரிகளுக்குப் பஞ்சமில்லை. பட்டத்துக்குப் பிறகு எந்தக் கிளையைப் பிடிப்பது என்று நிதானமாக எடுத்துச் சொல்ல ஆள் இருக்கும் வீடுகள்தாம் குறைவு. “மக்களே, எம்.பி.ஏ. எடுத்தா எங்க போனாலும் வேலை உண்டுல்லா” என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்லும் அறிவுரை பொதுவான எம்.பி.ஏ.வுக்கு ஓரளவு பொருந்தலாம். ஒரே துறையை ஆழமாகக் கற்பிக்கும் சிறப்புப் படிப்புக்கு அது பொருந்தாது.

காரணம் எளியது. பொதுவான எம்.பி.ஏ.வில் முதலாண்டு முழுவதும் எல்லாத் துறைகளையும் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் நிதியா, மனிதவளமா, சந்தைப்படுத்தலா என்று முடிவு செய்யலாம். சிறப்புப் படிப்பில் அந்த முடிவைச் சேர்க்கைப் படிவம் நிரப்பும்போதே எடுத்துவிடுகிறீர்கள். பின்னால் மனம் மாறினால், இரண்டு ஆண்டும் சில லட்சம் ரூபாயும் போனது போனதுதான். ஆகவே எந்த வேலை, அந்த வேலைக்கு எந்தப் பாடங்கள், அந்தப் பாடங்களை உண்மையாகக் கற்பிக்கும் துறை எது, அதற்கு என்ன செலவு என்ற வரிசையில் யோசிக்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலோர் ‘எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது’ என்பதில் தொடங்கி, வேலையைப் பற்றிய கேள்வியைக் கடைசி செமஸ்டரில்தான் கேட்கிறார்கள்.

வேலை விளம்பரத்திலிருந்து தொடங்குங்கள்

நீங்கள் விரும்பும் துறையில் இப்போது வெளிவந்துள்ள வேலை விளம்பரங்களில் முப்பது, நாற்பதை நௌக்ரி, லிங்க்ட்இன் போன்ற தளங்களிலிருந்து எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். பதவியின் பெயரை ஒரு பக்கமும், கேட்கப்படும் திறன்களை இன்னொரு பக்கமும், கல்வித் தகுதியை மூன்றாவதாகவும் எழுதினாலே பல மயக்கங்கள் தெளியும். ‘பிசினஸ் அனலிஸ்ட்’ வேலைகளில் எஸ்.கியூ.எல்., எக்செல், பவர் பி.ஐ. ஆகிய தரவுக் கருவிகளோடு ஏதேனும் ஒரு பட்டம் போதும் என்றே பல விளம்பரங்கள் சொல்லும். ‘டேட்டா சயின்டிஸ்ட்’ வேலைகளில் புள்ளியியலும் நேரியல் இயற்கணிதமும் இயந்திரக் கற்றலும் கேட்கப்பட்டு, முதுநிலைப் பட்டம் விரும்பத்தக்கது என்ற வரி அடிக்கடி வரும். சிப் வடிவமைப்பு நிறுவனங்களின் விளம்பரங்களிலோ எம்.இ., எம்.டெக். என்று பட்டத்தின் பெயரே தகுதியாக நிற்பதைக் காணலாம்.

இந்தப் பயிற்சி, முதுநிலைப் பட்டம் உங்களுக்குத் தேவையா என்ற கேள்விக்கும் விடை தரும். வி.எல்.எஸ்.ஐ., கட்டமைப்புப் பொறியியல், ஆழமான தரவு அறிவியல், அளவுசார் நிதி போன்றவற்றில் முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் பயனுள்ளது. டிஜிட்டல் மார்க்கெட்டிங், வலைத்தள உருவாக்கம் ஆகியவற்றுக்கென்று இரண்டு ஆண்டும் சில லட்சங்களும் செலவிடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றை வேலையில் இருந்தபடியே கற்கலாம். தென்காசி அருகே மத்தளம்பாறையில் இயங்கும் சோஹோ நிறுவனம், பட்டமே இல்லாதவர்களைத் தன் பள்ளியில் பயிற்றுவித்து வேலைக்கு எடுப்பதை நம் பக்கத்தில் அறியாதவர் இல்லை. மென்பொருள் எழுதுவது மட்டுமே குறிக்கோள் என்றால் மேற்படிப்பைத் தள்ளிப்போடுவதில் தவறில்லை.

ஊருக்குப் பக்கத்தில் எழும் தொழில்களைப் பார்த்துத் துறையைத் தேர்ந்தெடுக்கும் ஆசையும் இயல்பானது. களியக்காவிளையைத் தாண்டினால் சற்று நேரத்தில் போய்ச் சேரக்கூடிய விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டதிலிருந்து, விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் லாஜிஸ்டிக்ஸ் படிப்பைப் பற்றிய விசாரிப்பு கூடியிருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விழிஞ்ஞம் முதன்மையாகக் கப்பலிலிருந்து கப்பலுக்குச் சரக்குப் பெட்டகங்களை மாற்றிவிடும் துறைமுகமாகவே தொடங்கப்பட்டது. அந்த வகைப் பணியில் பெட்டகம் வாயிலைத் தாண்டி வெளியே வருவதில்லை என்பதால், கிடங்கு, லாரிப் போக்குவரத்து, சுங்கத் தரகு ஆகியவற்றில் உண்டாகும் வேலைகள், சாலை வழியாகவும் ரயில் வழியாகவும் சரக்கு போய்வரும் அளவைப் பொறுத்தே பெருகும். லாஜிஸ்டிக்ஸ் படிக்க வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் துறைமுகம், கப்பல் மேலாண்மை எம்.பி.ஏ. போன்ற படிப்பை எடுப்பவர், தூத்துக்குடி, கொச்சி, சென்னை, துபாய் என்று எங்கும் போகத் தயாராக இருக்க வேண்டும். வீட்டிலிருந்து போய்வரும் வேலை என்ற எண்ணத்தில் மட்டும் சேரக்கூடாது. முப்பந்தல், ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைப் பார்த்துப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் எம்.டெக். சேர நினைப்பவருக்கும் இதே சொல்வேன்: காற்றாலை நிற்கும் இடத்தில் பராமரிப்பு வேலைகளே மிகுதி, வடிவமைப்பும் திட்டமிடலும் நிதி ஏற்பாடும் நடக்கும் அலுவலகங்கள் பெருநகரங்களில் இருக்கின்றன.

ரப்பர், தென்னை, வாழை, மீன், தேன் ஆகியவற்றை ஒட்டி வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வேளாண் வணிக மேலாண்மை நல்ல தேர்வு என்பது என் கருத்து. ஆனால் அதைப் பற்றிய பேச்சே இங்கு மிகக் குறைவு. பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டப்பயிர் மேலாண்மை நிறுவனம், ஐதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் (மேனேஜ்), குஜராத்தின் ஆனந்தில் உள்ள ஊரக மேலாண்மை நிறுவனம் (இர்மா), கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆகியவை இத்துறையில் பெயர்பெற்றவை. பொறியியல் பட்டதாரியும் தகுதி பெறும் படிப்புகள் இவற்றில் உண்டு என்பதால், தகுதி விதிகளைப் படிக்காமல் ‘அது அக்ரி பிள்ளைகளுக்கு’ என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

பாடத்திட்டமே உண்மையைச் சொல்லும்

வேலை முடிவான பிறகு, படிப்பின் பெயரை மறந்துவிட்டு அதன் பாடத்திட்டத்தை மட்டும் படியுங்கள். விளம்பரத் துண்டறிக்கையில் அச்சிட்டிருக்கும் பட்டியல் போதாது. பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில், எந்த ஆண்டின் ரெகுலேஷன் என்ற குறிப்போடு, ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் எண்ணிக்கையும் அலகு வாரியான விவரமும் கொண்ட பி.டி.எஃப். கோப்பு கிடைக்கும். அதை அச்செடுத்து, பேனாவுடன் உட்காருங்கள்.

‘பிசினஸ் அனலிட்டிக்ஸ்’ என்ற ஒரே பெயரில் இரண்டு படிப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவதில், முதல் செமஸ்டரில் நிகழ்தகவும் புள்ளியியல் ஊகமும், பைத்தான் நிரலாக்கமும், இரண்டாவதில் பின்னடைவுப் பகுப்பாய்வும், தரவுத்தளங்களும், மூன்றாவதில் காலத்தொடர் முன்கணிப்பும் உகப்பாக்கமும், நான்காவது முழுவதும் ஒரு நிறுவனத்தில் செய்யும் திட்டப்பணியும் இருக்கின்றன. இரண்டாவதில், மேலாண்மைக் கோட்பாடுகள், நிறுவன நடத்தை, வணிகச் சட்டம், வணிகத் தொடர்பு, மனிதவள மேலாண்மை என்று பொதுவான எம்.பி.ஏ. பாடங்களே முக்கால் பங்கு. ‘அனலிட்டிக்ஸ்’ என்ற சொல் வரும் பாடங்கள் மூன்று, அவற்றிலும் ஒன்று ‘மனிதவள அனலிட்டிக்ஸ்’. இரண்டாவது கெட்ட படிப்பு என்று சொல்ல முடியாது. அது எம்.பி.ஏ.; அந்த விலையில் அந்த எதிர்பார்ப்போடு சேர்ந்தால் ஏமாற்றமில்லை. ஆனால் நீங்கள் எழுதிவைத்த வேலை விளம்பரங்களில் புள்ளியியல் மாதிரிகளைக் கேட்டிருந்தால், இந்தப் படிப்பு உங்களை அந்த நேர்முகத் தேர்வின் முதல் சுற்றைக்கூடத் தாண்ட வைக்காது.

இதைக் கணக்கிட நான் பரிந்துரைக்கும் வழி ஒன்று உண்டு. மொத்தக் கிரெடிட்டில் சிறப்புத் துறையின் சொந்தப் பாடங்களுக்கு எத்தனை, அவற்றுக்கு அடித்தளமான கணிதம், நிரலாக்கம், கணக்கியல் ஆகியவற்றுக்கு எத்தனை, பொதுப் பாடங்களுக்கு எத்தனை, திட்டப்பணிக்கு எத்தனை என்று நான்கு எண்களை எழுதுங்கள். சிறப்புப் பாடங்களும் அடித்தளப் பாடங்களும் சேர்ந்து பாதியைத் தாண்டாவிட்டால், அந்தப் படிப்பின் சிறப்பு பெயர்ப்பலகையோடு நின்றுவிடுகிறது என்று கொள்ளலாம்.

அடுத்து விருப்பப் பாடங்கள். பட்டியலில் இருபது இருக்கும். ஆசிரியர் இருந்து, போதிய மாணவர் சேர்ந்து, சென்ற ஆண்டு உண்மையில் நடத்தப்பட்டவை நான்கோ ஐந்தோதான் என்பது பல துறைகளின் நிலை. இதை இப்போது படித்துக்கொண்டிருக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆய்வகத்தையும் நேரில் பார்ப்பது நல்லது. வி.எல்.எஸ்.ஐ. எம்.இ. என்றால் கேடன்ஸ், சினாப்சிஸ் போன்ற மென்பொருளுக்கு நடப்பில் உரிமம் இருக்கிறதா, ஒரே நேரத்தில் எத்தனை பேர் பயன்படுத்தலாம் என்று கேளுங்கள். செயற்கை நுண்ணறிவுப் படிப்பு என்றால் கனமான கணக்கீட்டுக்கான ஜி.பி.யூ. சர்வர் எங்கே, மாணவர்கள் அதில் எப்படி நேரம் பெறுகிறார்கள் என்று கேளுங்கள். நிதித் துறை என்றால் சந்தைத் தரவுகளுக்கான சந்தா எதுவென்று கேளுங்கள். பதில் சொல்பவர் கட்டடத்தையும் பேருந்து வசதியையும் பற்றிப் பேசத் தொடங்கினால், உங்களுக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது.

உங்கள் சொந்தத் தயாரிப்பையும் இதே கண்டிப்போடு பாருங்கள். பி.காம்., பி.பி.ஏ. படித்துவிட்டுத் தரவு அறிவியலுக்குப் போக விரும்புகிறவர்கள் இப்போது நிறைய; கணிதத்தைப் பன்னிரண்டாம் வகுப்போடு விட்டவர்கள், அல்லது அப்போதே எடுக்காதவர்கள், சேர்வதற்கு முந்தைய ஆறேழு மாதங்களில் என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடங்கள் வழியாக நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம் ஆகிய இரண்டையும் படித்துப் பாருங்கள். அந்தப் பாடங்களின் வாரப் பயிற்சிகளே வெறுப்பாக இருந்தால், துறையை மாற்றிக்கொள்ள அதைவிட மலிவான தருணம் வேறில்லை.

பட்டத்தின் பெயரும் அரசு வேலையும்

நம் மாவட்டத்தில் அரசுத் தேர்வுகளை ஒரு கண்ணால் பார்க்காத குடும்பம் குறைவு. ஆகையால் இந்தச் செய்தியைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. புதிய பெயர்களில் வரும் சிறப்பு முதுநிலைப் பட்டங்கள், ஆசிரியர் தேர்வு வாரியமோ டி.என்.பி.எஸ்.சி.யோ கேட்கும் பட்டத்துக்கு இணையானவை என்று அரசாணை இருந்தால்தான் அங்கே ஏற்கப்படும். எம்.எஸ்சி. தரவு அறிவியல் என்பது எம்.எஸ்சி. கணினி அறிவியலுக்கோ புள்ளியியலுக்கோ தானாகவே இணையாகிவிடாது. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் இணைத்தன்மைக் குழு பரிந்துரைத்து, அரசாணை வெளிவந்திருக்கிறதா என்று சேரும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். கல்லூரி ஆசிரியராகும் எண்ணம் இருப்பவர், பெயர் பழையதாக இருந்தாலும் தெளிவான பட்டத்தை எடுத்து, சிறப்பை விருப்பப் பாடங்களிலும் திட்டப்பணியிலும் காட்டிக்கொள்வது பாதுகாப்பானது.

எம்.பி.ஏ.வுக்கும் பி.ஜி.டி.எம்.முக்கும் உள்ள வேறுபாடும் இங்கே வருகிறது. எம்.பி.ஏ. பல்கலைக்கழகம் வழங்கும் பட்டம், பி.ஜி.டி.எம். பல்கலைக்கழகத்தோடு இணையாத தன்னாட்சி நிறுவனங்கள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) ஒப்புதலோடு வழங்கும் பட்டயம். தனியார் நிறுவனங்கள் இரண்டையும் பெரும்பாலும் ஒன்றாகவே பார்க்கின்றன. பின்னாளில் முனைவர் பட்டமோ அரசுப் பணியோ வேண்டுமென்றால், அந்தப் பி.ஜி.டி.எம்.முக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் இணைத்தன்மை அளித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இணையவழிப் படிப்புகளை எடுத்துக்கொண்டால், பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற நிறுவனங்கள் வழங்கும் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்கு இணையானவை என்று 2022இல் அந்தக் குழு தெளிவுபடுத்தியது. அந்த ஏற்பு நிறுவனம் முழுமைக்கும் அல்ல, ஒவ்வொரு படிப்புக்கும் ஒவ்வொரு சேர்க்கைப் பருவத்துக்கும் தனித்தனியே பார்க்கப்பட வேண்டியது. குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பட்டியல் உண்டு, சேரும் மாணவர் அதே பிரிவின் அடையாள எண்ணையும் பெற வேண்டும். தக்கலையிலோ குளச்சலிலோ வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு இணையவழி எம்.பி.ஏ. நியாயமான வழி. வேலை இல்லாத புதிய பட்டதாரிக்கு அது பெரும்பாலும் உதவாது. வளாகத் தேர்வும் சக மாணவர் பழக்கமும்தான் அவருக்கு அதிகம் தேவை.

நுழைவுத் தேர்வும் சான்றிதழும்

தேர்வுகளின் நாள்காட்டியை முந்தைய ஆண்டு ஜூலையிலேயே சுவரில் ஒட்டிவிடுவது நல்லது. ஐ.ஐ.எம்.கள் நடத்தும் கேட் (CAT) தேர்வுக்கு விண்ணப்பம் ஆகஸ்டில் தொடங்கி, தேர்வு நவம்பர் இறுதியில் முடிந்துவிடும். பொறியியல் முதுநிலைக்கான இன்னொரு கேட் (GATE) பிப்ரவரியில் நடக்கும். அதன் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும், மூன்றாம் ஆண்டு மாணவரே எழுதலாம். 2024 முதல் அதில் தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்த தனித்தாள் இருக்கிறது என்பது, இயந்திரவியல், கட்டடவியல் படித்துவிட்டுத் துறை மாற நினைப்பவர்களுக்குப் பெரிய வாசல். இந்தக் கேட் (GATE) தகுதியோடு ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் பெற்ற கல்லூரியில் முழுநேர எம்.இ., எம்.டெக். படிப்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆகவே இந்தத் தேர்வை எழுதாமலே எம்.இ. சேர்வது, கையில் வர வேண்டிய பணத்தைத் தொடாமல் விடுவதாகும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.பி.ஏ., எம்.சி.ஏ. சேர டான்செட்டும், எம்.இ., எம்.டெக். சேர 2023 முதல் சீட்டா தேர்வும் இருக்கின்றன. எம்.சி.ஏ. இப்போது இரண்டே ஆண்டுப் படிப்பு, என்.ஐ.டி.களில் சேர நிம்செட் எழுத வேண்டும், திருச்சி என்.ஐ.டி.யும் அதில் அடங்கும்.

சாதிச் சான்றிதழில் தடுக்கி விழுந்தவர்கள் இங்கே பலர். மத்திய நிறுவனங்களுக்கு மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் போதாது, மத்தியப் பட்டியலின்படி, வருமான வரம்போடு கூடிய ஓ.பி.சி. சான்றிதழை அதற்குரிய படிவத்தில் தனியாக வாங்க வேண்டும். பட்டியல்களில் சில சமூகங்களுக்கு ‘கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை தாலுகாவிலும்’ என்று இடம் சுட்டிய பதிவுகள் இருப்பதால், பெயர் ஒன்றாக இருந்தாலும் பிரிவு மாறக்கூடும்; மாநிலப் பட்டியலையும் மத்தியப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பத்தில் பிரிவைக் குறிக்க வேண்டும். கேரள மாநில நிறுவனங்களில் சேர விரும்பும் நம் மாணவர்களுக்கு அங்கே மாநில இடஒதுக்கீடு கிடையாது, வெளிமாநிலத்தவராகவே கருதப்படுவர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அதற்காகக் கேரளத்தை ஒதுக்க வேண்டியதில்லை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். சென்னை ஓர் இரவுப் பயணம். 1990இல் தொடங்கிய தகவல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க், வலியமலையில் உள்ள விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம், 2020இல் உருவான கேரள டிஜிட்டல் பல்கலைக்கழகம், கணினித் துறை ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் மையம் ஆகியவை எல்லாம் அந்த 70 கிலோமீட்டரிலோ அதைச் சற்றே தாண்டியோ இருக்கின்றன. நம் மாவட்டத்திலேயே கோணத்தில் அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியும், சுங்கான்கடையிலும் குமாரகோவிலிலும் தனியார் நிறுவனங்களும் உள்ளன. பக்கத்தில் இருப்பதால் சேர்வதும், பக்கத்தில் இருப்பதாலேயே தவிர்ப்பதும் ஒரே அளவு தவறு. மேலே சொன்ன நான்கு எண்களையும் இவற்றுக்கும் போட்டுப் பாருங்கள்.

தரவு அறிவியலில் மிக வலுவான அடித்தளம் வேண்டுவோர் சென்னை சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகத்தின் எம்.எஸ்சி. படிப்பையும், ஐ.ஐ.எம். கல்கத்தா, இந்தியப் புள்ளியியல் கழகம், ஐ.ஐ.டி. கரக்பூர் ஆகிய மூன்றும் சேர்ந்து 2015 முதல் நடத்தும் வணிகப் பகுப்பாய்வு முதுநிலைப் பட்டயமான பி.ஜி.டி.பி.ஏ. படிப்பையும் பாருங்கள். சேர்வது கடினம், ஆனால் ஒரு சிறப்புப் படிப்பின் பாடத்திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவற்றை அளவுகோலாக வைத்து மற்றவற்றைப் பார்க்கலாம்.

வேலைவாய்ப்புக் கணக்கை எப்படிப் படிப்பது

விளம்பரங்களில் வரும் ‘அதிகபட்சச் சம்பளம்’ ஒருவருடைய கதை. கேட்க வேண்டியது இடைநிலை ஊதியம், அதாவது வேலை பெற்ற அனைவரையும் ஊதிய வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்கும் தொகை. தேசிய நிறுவனத் தரவரிசையில் (என்.ஐ.ஆர்.எஃப்.) பங்கேற்கும் ஒவ்வொரு கல்லூரியும் தான் சமர்ப்பித்த விவரத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும். இரண்டாண்டு முதுநிலைப் படிப்புகளில் எத்தனை பேர் தேறினர், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலை ஊதியம் என்ன என்ற மூன்றும் அதில் உண்டு. எல்லா முதுநிலைப் படிப்புகளையும் சேர்த்த கணக்கு அது என்பதால், உங்கள் படிப்புக்கு மட்டும் எத்தனை என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். கிடைத்த வேலை அந்தச் சிறப்புத் துறையிலா, அல்லது கால் சென்டரிலும் விற்பனையிலுமா என்பதும் முக்கியம். அதை அறிய, அந்தப் படிப்பை இரண்டு ஆண்டுகளுக்கு முன் முடித்தவர்கள் இப்போது என்ன பதவியில் இருக்கிறார்கள் என்று லிங்க்ட்இனில் தேடினால் போதும்.

கடனும் கடல் கடந்த படிப்பும்

பத்து லட்சம் ரூபாய் கடன், பத்து சதவீத வட்டி, இரண்டு ஆண்டுப் படிப்பு, அதன் பின் தவணை தொடங்க ஓராண்டு அவகாசம் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். தொகை முழுவதையும் தொடக்கத்திலேயே எடுத்து, அந்த மூன்று ஆண்டும் வட்டியைக் கட்டாமல் விட்டால், அந்தக் காலத்துக்கான தனிவட்டியோடு கடன் 13 லட்சமாக நிற்கும். அதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 17,180 ரூபாய். படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டிவந்தால் தவணை ஏறத்தாழ 13,215 ரூபாய். முதல் வேலையில் 35,000 ரூபாய் கையில் வரும் ஒருவர் பெங்களூருவில் அறை வாடகையும் கொடுத்து, 17,000 ரூபாய் தவணையும் கட்டி, வீட்டுக்கும் அனுப்புவது எப்படி என்பதைச் சேரும் முன்பே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையின் அடிப்படையில் தேர்ந்த நிறுவனங்களில் இடம் பெற்றவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால், பத்து லட்சம் வரையான கடனுக்கு அவகாசக் காலத்தில் மூன்று சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுவதற்கு முன், உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் அலுவலகங்கள் நாகர்கோவிலில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. மாணவரிடம் கட்டணம் வாங்காத ஏஜென்ட், பல்கலைக்கழகத்திடம் கமிஷன் வாங்குகிறார். ஆகவே அவர் காட்டும் பட்டியல் அவருக்கு ஒப்பந்தம் இருக்கும் பல்கலைக்கழகங்களின் பட்டியல். அதைத் தகவலாக எடுத்துக்கொள்ளலாம், முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரிட்டனின் ஓராண்டு முதுநிலை செலவில் குறைவாகத் தோன்றினாலும், படிப்புக்குப் பின் தங்கி வேலை தேடும் காலம் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. பாடவழி முதுநிலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்லும் வசதி 2024 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. அமெரிக்காவில் படிப்பு முடித்தபின் கிடைக்கும் பணிப்பயிற்சிக் காலம் 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பப் பிரிவாக வகைப்படுத்தப்பட்ட படிப்புக்கு மட்டும் மேலும் 24 மாதம். வணிகப் பகுப்பாய்வுப் படிப்புகளில் சில அந்த வகைக்குள் வரும், சில வாரா. சேர்க்கைக் கடிதம் வருமுன்பே அந்த வகைப்பாட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கற்பிப்புக் கட்டணம் பெரும்பாலும் இல்லை என்பது உண்மை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வாங்குகிறது. ஓர் ஆண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை, மாதாமாதம் ஒரு பகுதி மட்டுமே எடுக்க முடியும் முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும், இந்திய மாணவர்களுக்கு அவர்களின் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றும் கட்டாயம். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு வெளிநாட்டு உயர்கல்விக்கான அரசு உதவித் திட்டங்கள் மத்தியிலும் மாநிலத்திலும் இருக்கின்றன. நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தின் ஆதிதிராவிடர் நலப் பிரிவில் விசாரித்தால் விவரம் கிடைக்கும்.

இடம் உறுதியானதும் முன்பணம் கட்டச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். இரண்டு இடங்களில் விண்ணப்பித்திருப்பவர் தயங்காமல் கட்டலாம். ஏனெனில் மானியக் குழுவின் 2018 அறிவிக்கையின்படி, சேர்க்கைக்கு அறிவிக்கப்பட்ட கடைசி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால், செயலாக்கத்துக்கென்று பிடிக்கும் சிறு தொகை போகக் கட்டணம் முழுவதும் திரும்ப வேண்டும், கடைசி நாளுக்குப் பின் பதினைந்து நாள் வரை 80 சதவீதமும், அதன்பின் முப்பதாம் நாள் வரை 50 சதவீதமும் திரும்ப வேண்டும். அந்தந்த ஆண்டுக்குக் குழு இதைவிடத் தாராளமான தேதிகளை அறிவித்திருந்தால் அவையே செல்லும். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளவும் அந்த அறிவிக்கை தடை விதிக்கிறது: சரிபார்த்து, சான்றொப்பமிட்ட நகலை எடுத்துக்கொண்டு, மூலத்தை அப்போதே திருப்பித் தர வேண்டும். பணம் கட்டிய ரசீதில் கல்லூரியின் பெயரும் தலைப்பும் தேதியும் இருக்கின்றனவா என்று கவுன்டரில் நிற்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அறக்கட்டளையின் பெயரில் ‘நன்கொடை’ என்று எழுதிய ரசீதுக்கு இந்த விதிகளைக் காட்டிப் பணம் கேட்பது மிகக் கடினம்.